முகத்துக்குப் பூசுவது க்ரீமா, மருந்தா?

“முகம் கறுத்துக்கிட்டே போகுது. ஏதாவது நல்ல க்ரீமா குடுங்கண்ணே.”

தமிழ்நாட்டின் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் குரல் காதில் விழும். கேட்பவர் கல்லூரி மாணவியாக இருக்கலாம், அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் மாப்பிள்ளையாக இருக்கலாம். கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் 15 அல்லது 20 கிராம் டியூப். ராத்திரி படுக்கும்போது தடவச் சொல்வார். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். பரு அடங்கும். பக்கத்து வீட்டு அக்கா “என்னடி போடுற?” என்று விசாரித்து, அதே பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவார்.

இப்படிக் கைமாறும் டியூப்களில் கணிசமானவை ஸ்டீராய்டு மருந்துகள். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்குத் தோல் மருத்துவர் இத்தனை நாள், இந்த இடத்தில் மட்டும் என்று கணக்குச் சொல்லி எழுதித்தர வேண்டியவை. 2011இல் இந்தியத் தோல் மருத்துவர்களின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சிபாரிசு செய்தவர் மருத்துவரே கிடையாது. 126 பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ, எல்லாவற்றுக்கும் பூசுகிற சாதாரண க்ரீமாகவோ, ஷேவிங் முடித்துத் தடவுவதாகவோ வைத்திருந்தார்கள். 392 பேருக்குப் பக்கவிளைவு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

வெளுப்பு வரும், ஆனால்...

ஸ்டீராய்டு தடவினால் முகம் வெளுப்பது நிஜம். சிக்கலே அதுதான். பொய்யான மருந்தாக இருந்தால் மக்கள் ஒரே டியூபோடு விட்டிருப்பார்கள்.

தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஸ்டீராய்டு சுருக்கிவிடும். அந்த இடம் உடனே வெளிறும். 1962இல் மெக்கன்ஸியும் ஸ்டௌட்டனும் இந்த வெளிறலையே வைத்து ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள்: தோல் எவ்வளவு வெளிறுகிறதோ, அந்த ஸ்டீராய்டு அவ்வளவு வீரியமானது. இன்றுவரை இந்த மருந்துகளை வலுவானது, மிதமானது என்று வரிசைப்படுத்த அதே அடிப்படைதான். ஆக, “பளிச்சுன்னு ஆயிடுச்சு” என்று ஒருவர் சொல்லும்போது தன் தோலுக்குள் எவ்வளவு கடுமையான மருந்து போயிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறார். நிறமி உண்டாக்கும் செல்களையும் ஸ்டீராய்டு மட்டுப்படுத்தும். பருவைச் சுற்றிய வீக்கத்தையும் அடக்கும். முதல் சில வாரங்கள் எல்லாமே நன்றாகப் போகும்.

பிறகு தோல் மெலிய ஆரம்பிக்கும். கன்னத்தில் சிவப்பு நூல்போல ரத்தக் குழாய்கள் தெரியும். வெயிலில் இறங்கினால் எரியும், வெறும் தண்ணீர் பட்டால்கூட எரியும். பெண்களுக்கு முகத்தில் ரோமம் அடர்ந்து வளரலாம். ஒரே அளவில், ஒரே மாதிரி சின்னச் சின்னப் பருக்கள் கூட்டமாக வரும். பயந்துபோய் நிறுத்தினால், அடங்கியிருந்த ரத்தக் குழாய்கள் ஒன்றுசேர விரிந்து முகம் சிவந்து வீங்கும். நிறம் முன்பைவிடக் கறுத்துத் தெரியும். திரும்பவும் தடவினால் இரண்டே நாளில் தணியும். ‘இந்த க்ரீம்தான் என் முகத்துக்குச் சரி’ என்று அவர்கள் நம்புவது இந்த இடத்தில்தான். அப்படி ஐந்து வருடம், எட்டு வருடம் தடவுகிறவர்கள் உண்டு. இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கு ‘டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள். ஒரு நோய்க்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்த முகங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இதில் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. ‘ஷெட்யூல் ஹெச்’ என்பது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல். வாயில் போடும் ஸ்டீராய்டு மாத்திரை அதில் இருந்தது. மேலே பூசும் க்ரீமுக்கோ நெடுங்காலம் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர் சங்கத்தினர் இதற்காகப் பல வருடம் போராடிய பிறகே, 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மத்திய அரசு அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. கவுன்ட்டரில் பழக்கம் மாறவில்லை.

திருப்பிப் பாருங்கள்

மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை டியூபே சொல்லிவிடும். திருப்பிப் பார்த்தால் போதும். அழகுப் பொருளில் ‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்று தொடங்கிப் பொருள்களின் பெயர்கள் வரிசையாக வரும், பெரும்பாலும் அளவு இருக்காது. மருந்தில் ‘காம்போசிஷன்’ என்றிருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளும் எத்தனை சதவிகிதம் என்ற எண்ணும் இருக்கும். ‘ஐ.பி.’ என்றால் இந்திய மருந்தியல் நூலின் தரத்தில் செய்தது என்று பொருள். ‘ஆர்.எக்ஸ்.’ என்ற குறியும், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில் இருக்கும். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அது முகத்துக்குத் தினசரி போடுகிற க்ரீம் இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

பெயர்களையும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன், ஃபுளூசினோலோன் எல்லாமே ஸ்டீராய்டு. இவற்றில் குளோபெட்டசால் உச்சபட்ச வீரியம் கொண்டது, 0.05 சதவிகிதம் என்று படிக்கும்போது அற்பமாகத் தோன்றும், ஆனால் அவ்வளவே போதும் என்பதுதான் அதன் வீரியம். கிளோட்ரிமசோல், கீட்டோகோனசோல் என்று ‘அசோல்’ ஒலியில் முடிபவை பூஞ்சைக்கு எதிரான மருந்துகள். அவை வேறு இனம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்று பெயரும் ஒரே டியூபில் வந்தால், அது மங்குக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் தரும் கூட்டு மருந்து. கடைகளில் சிவப்பழகு க்ரீம் என்று அதிகம் கைமாறுவது இந்த மூவர் கூட்டணிதான்.

படர்தாமரை படுத்தும் பாடு

முகத்துக்கு அடுத்தபடியாக ஸ்டீராய்டு நாசம் செய்யும் இடம் தொடையிடுக்கும் இடுப்பும். படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துச் சிவந்து, நடுவில் தெளிந்து காணப்படும். அரிப்பு தாங்காது, கூச்சத்தால் மருத்துவரிடம் போகாமல் கடையில் “அரிப்புக்கு க்ரீம்” கேட்பார்கள். கிடைப்பது ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு ஒரு மருந்து என்று மூன்றும் நான்கும் கலந்த டியூப். ஸ்டீராய்டு ஒரே நாளில் அரிப்பை நிறுத்தும். கூடவே அந்த இடத்தின் நோய் எதிர்ப்பையும் நிறுத்திவிடும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டம் கலைந்துபோகும், அனுபவமுள்ள மருத்துவரே ஒரு கணம் தயங்கும்படி நோய் உருமாறிவிடும்.

பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு மாதத்தில் குணமான படர்தாமரை, இன்று மாதக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொள்கிறது. இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் பூஞ்சைக்கு ‘ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே’ என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். டெர்பினஃபைன் என்ற முக்கியமான மருந்து அதன் பல ரகங்களிடம் எடுபடுவதில்லை. வெளிநாடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. கண்டபடி விற்ற கலப்பு க்ரீம்களுக்கு இதில் பங்குண்டு என்று தோல் மருத்துவர்கள் எச்சரித்து வருகிறார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். துண்டு, உள்ளாடை தனித்தனியாக இருக்க வேண்டும். தடம் மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தக் கூடாது.

பெயரே இல்லாத டப்பாக்கள்

லேபிளில் இருப்பதைப் படித்துவிடலாம். லேபிளே இல்லாததை என்ன செய்வது?

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ‘மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி’ நோயோடு 22 பேர் வந்திருந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அரிய வகை. துருவிக் கேட்டபோது அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. சந்தேகம் பாதரசத்தின் மேல் விழுந்தது. இந்த விவரங்கள் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ ஆய்விதழில் வெளியாயின. கேரள அரசு 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

பாதரசம் நிறமி உற்பத்தியைத் தடுப்பதால் தோல் வெளுக்கும். பிறகு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும். பூசியவரின் துண்டு, தலையணை உறை, அவர் அணைத்துத் தூங்கவைக்கும் குழந்தை என்று வீட்டில் மற்றவர்களுக்கும் போகும். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்குப் பூசுபவை தவிர்த்த மற்ற அழகுப் பொருள்களில், தற்செயலாகக் கலந்திருந்தால்கூடப் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், பொருள் பட்டியல் இல்லாத டப்பாவை எவர் கொடுத்தாலும், சொந்த அத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும், பூசாதீர்கள். பட்டியல் இருந்தால் ‘மெர்க்குரி’, ‘மெர்க்யூரிக்’, ‘கலோமெல்’ என்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படக் கூடாது’ என்று ஒரு முக க்ரீமில் எச்சரிக்கை இருந்தால் அதுவும் பாதரசத்தின் தடயமாக இருக்கலாம். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நகைப் பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நிஜமான அழகுப் பொருள்களைப் படிப்பது எப்படி?

உரிமத்தோடு விற்கும் க்ரீம், சீரம், ஃபேஸ்வாஷ் வகைகளில் பட்டியலின் வரிசைக்கே அர்த்தம் உண்டு. அதிகமாக இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால். 1 சதவிகிதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த எல்லை எங்கே என்று லேபிள் சொல்லாது, ஆனால் ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபீனாக்ஸிஎத்தனால் என்பது பொருள் கெடாமல் காக்கச் சேர்ப்பது. ஐரோப்பிய விதிப்படி அது 1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. எனவே, பட்டியலில் அதற்குப் பின்னால் வருகிற பெயர்கள் அநேகமாகத் துளிக்கணக்கில்தான் இருக்கும். முகப்பில் குங்குமப்பூ படம் பெரிதாக இருந்து, பட்டியலில் குங்குமப்பூ சாறு ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கும் வாசனைப் பொருளுக்கும் பின்னால் வந்தால், நீங்கள் காசு கொடுத்தது படத்துக்கு.

இப்போது சதவிகிதத்தைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கும் சீரம்கள் வந்துவிட்டன. எண் பெரிதானால் பலனும் பெரிதாகும் என்று நினைக்கிறோம். பருவுக்குப் பயன்படும் பென்ஸாயில் பெராக்ஸைடை 2.5, 5, 10 சதவிகிதங்களில் ஒப்பிட்டு 1986இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். வீக்கமுள்ள பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவிகிதமே மற்ற இரண்டுக்கும் ஈடாக நின்றது. 10 சதவிகிதத்தைவிட எரிச்சல் குறைவாக இருந்தது. நியாசினமைடுக்கு நல்ல பலன் காட்டிய ஆய்வுகளில் பல 2 முதல் 5 சதவிகிதத்துக்குள் நடந்தவை. பதின்ம வயதுப் பிள்ளைகள் காலையில் வைட்டமின் சி, மாலையில் சாலிசிலிக் ஆசிட், ராத்திரி ரெட்டினால் என்று அடுக்கடுக்காகப் போட்டு, தோலின் மேலரண் கரைந்து எரிச்சலோடு வருகிறார்கள் என்பது தோல் மருத்துவர்களின் இப்போதைய கவலை. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் ரெட்டினால் வகைகளைத் தொடவே கூடாது.

‘நேச்சுரல்’, ‘கெமிக்கல் இல்லாதது’, ‘டெர்மடாலஜிஸ்ட் டெஸ்டட்’ போன்ற சொற்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறும் இயற்கைதான். அதை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

சோப்பில் பார்க்க வேண்டியது ‘டி.எஃப்.எம்.’ என்ற எண். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். ‘பாத்திங் பார்’ என்று போட்டு விற்பவற்றில் 40 இருந்தாலே போதும் என்பது தர விதி. ஆனாலும் எந்தச் சோப்பும் காரத்தன்மை கொண்டது. நம் தோலோ லேசான அமிலத்தன்மையில்தான் நலமாக இருக்கும். தோல் வறண்டு அரிக்கும் முதியவர்களுக்கு வாசனைச் சோப்பைக் குறைத்து, குளித்த ஈரத்தோடு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பாதி அரிப்பு போய்விடும். அதைவிட மலிவான, நம்பகமான ‘ஸ்கின் கேர்’ இந்த ஊரில் கிடைக்காது.

சன் ஸ்க்ரீனில் எஸ்.பி.எஃப். 30 என்றால் முகத்தை எரிக்கும் கதிர்களில் சுமார் 97 சதவிகிதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். கறுக்கவைக்கும் ‘ஏ’ வகைக் கதிருக்கு ‘பி.ஏ.’ என்று போட்டுப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளைப் பாருங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்கு ஒவ்வொரு கோடு வைத்தால் அது முகம், கழுத்துக்கான அளவு. பட்டாணி அளவு தடவினால் லேபிளில் உள்ள எண் உங்களுக்குக் கிடைக்காது. கன்னத்தில் மங்கு உள்ளவர்களைச் சாதாரண வெளிச்சமும் பாதிக்கும். அவர்களுக்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயம் கொண்ட சன் ஸ்க்ரீன் கூடுதலாக உதவும்.

தோல் சொல்லும் வேறு சேதிகள்

பின்கழுத்து கறுத்து, வெல்வெட்போல் தடித்திருந்தால் பிள்ளையைப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பாட்டுகிற அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அழுக்கு இல்லை. பெரும்பாலும், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி. அதற்குத் தேவை சர்க்கரைப் பரிசோதனை, எடைக் குறைப்பு. கழுத்துக்கு என்று விற்கும் எந்த க்ரீமும் இதைத் தீர்க்காது.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை விழுந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையைச் சந்தேகியுங்கள். அதில் சேர்க்கும் பேரா டெர்ஷியரி பியூட்டைல்ஃபீனால் சிலரின் நிறமிச் செல்களை அழித்துவிடும். பொட்டை உடனே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. பெரிய பொட்டாக வைத்து மறைத்தால் வெள்ளையும் பெரிதாகும். தலைச்சாயம் போட்ட மறுநாள் காதோரமும் இமையும் வீங்கினால் பேரா ஃபினைலின்டையமின் காரணமாக இருக்கலாம். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதிலும் அது கலந்திருக்கும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் சாயம் போட வேண்டும்.

தேமல் என்று எல்லோரும் சொல்லும் வெளிறிய திட்டு, பூஞ்சையால் வரும் சாதாரணப் பிரச்னை. ஆனால், திட்டு உள்ள இடத்தில் தொடு உணர்வு குறைந்திருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. தொடக்கத்திலேயே எடுத்தால் ஊனமில்லாமல் முழுதாகக் குணமாகும்.

வருடக்கணக்கில் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு டியூபைக் குப்பையில் வீசிவிட வேண்டாம். அதை அட்டைப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு அவர் ஒரேயடியாக நிறுத்துவார், சிலருக்கு மிதமான மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு இல்லாத பூச்சுக்கு மாற்றுவார். பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். முகம் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்த நாட்களில் முகம் சிவக்கும், பரு கொட்டும், நிறம் மாறி மாறித் தெரியும். “என்ன இப்படிக் கறுத்துட்டே?” என்று வீட்டில் ஒருவர் கேட்டாலே போதும், அவர்கள் மறுபடி அந்த டியூபைத் தேடிப் போய்விடுவார்கள். கல்யாண வீட்டிலும் சரி, சாப்பாட்டு மேசையிலும் சரி, அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.